பெயர் மாறிய ரயில்வேயும் பெயர் மாறாத அணியும்

காவிரிக் கரையையும் தாமிரபரணிக் கரையையும் விட்டு ஹூக்ளிக் கரையில் நாம் குடியேறியதற்கு, நம்முள் பலருக்குக் காரணம் ஒன்றே. அது கார்டன் ரீச்சில் நிற்கும் ரயில்வே தலைமை அலுவலகம். அதன் வரலாற்றை எழுதப் புகுவோர் பாலங்களைப் பற்றியும் பாதைகளின் நீளத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுவர். அதன் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வரி ஒதுக்கினால் பெரிது. ஆயினும் 'பி.என்.ஆர்.' என்னும் பெயரை நாடறியச் செய்ததில் தண்டவாளத்துக்கு இருந்த பங்கில் ஒரு பாதியேனும் ஹாக்கி மட்டைக்கும் உதைபந்துக்கும் உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

பெங்கால் நாக்பூர் ரயில்வே கம்பெனி தோன்றிய ஆண்டு 1887. லக்னோவின் அரசை 1856-ல் இழந்து, இங்கே மெட்டியாபுரூஸில் தமக்கென ஒரு சிறு லக்னோவை அமைத்துக்கொண்டு வாழ்ந்த நவாப் வாஜித் அலி ஷா காலமானதும் அதே ஆண்டில்தான். ஊரை விட்டு வந்தோர் தம் ஊரை உடன் கொண்டுவருவது இவ்விடத்துக்குப் பழகிய வழக்கம் போலும்! அது கிடக்க.

கம்பெனியின் தலைமை கார்டன் ரீச்சில் இருந்ததெனினும், ஆட்டத்தின் விளைநிலம் கரக்பூரே. அங்கிருந்த பெரிய தொழிற்சாலையும், அதைச் சூழ்ந்த குடியிருப்பும், ஊழியர்கள் மாலைப் பொழுதில் கூடும் இன்ஸ்டிடியூட்டும், அதன் மைதானமும் சேர்ந்து ஆட்டக்காரர்களை உருவாக்கின. அக்காலத்தில் பெயர் பெற்றோர் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியர்கள். பகலில் வேலை, மாலையில் மட்டை என்பது அவர்தம் வாழ்க்கை. கல்கத்தாவின் பருவ முறையும் இதற்கு உதவியது. மழை தொடங்குமுன் வரை ஹாக்கி; தரை நனைந்தபின் கால்பந்து. மைதானம் ஒன்றே, ஆளும் பல வேளைகளில் ஒருவரே!

1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் தயான் சந்த் தலைமையில் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8–1 என்ற கணக்கில் வென்ற இந்திய அணியில் பி.என்.ஆர். ஊழியர் இருவர் இருந்தனர். ஒருவர் 1932-லும் ஒலிம்பிக்கில் ஆடிய கார்லைல் டாப்ஸெல். மற்றவர் ஜோசப் காலிபார்டி. இவர் பிறந்தது நம் சென்னையில். அவ்வாண்டு இவர்தம் விடுப்பு மனுக்களைப் பதிவேட்டில் ஏற்றிய குமாஸ்தா எவரோ நாம் அறியோம். 'காரணம்' என்னும் கட்டத்தில் அவர் என்ன எழுதினார் என்று எண்ணிப் பார்ப்பதில் குமாஸ்தாக்களாகிய நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. காலிபார்டி பின்னர் இங்கிலாந்தில் குடியேறி, 2011-ல் 96-ஆம் வயதில் காலமானார்.

1895-ல் தொடங்கிய பெய்ட்டன் கோப்பைப் பந்தயம் கல்கத்தா ஹாக்கியின் திருவிழா. 1930-களின் பிற்பகுதியிலும் 1940-களின் முற்பகுதியிலும் பி.என்.ஆர். அக்கோப்பையை ஒருமுறைக்கு மேல் கைப்பற்றியது. ஆனால் கோப்பைகளைக் காட்டிலும் நம் மனத்தைக் கவர்வது, வெற்றிப் பட்டியலில் இடம்பெறாத ஒரு பயிற்சி ஆட்டமே. 1946-ல் பெய்ட்டன் பந்தயத்துக்காக ரயில்வேயின் முதல் அணியும் இரண்டாம் அணியும் கரக்பூரில் பயிற்சி ஆடவிருந்தன. இரண்டாம் அணியில் ஓர் ஆள் குறைந்தது. பிலாஸ்பூரில் பிறந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் வேடிக்கை பார்க்க நின்றிருந்தார். அவர் அதுவரை கால்பந்தாட்டக்காரர். 1932 ஒலிம்பிக் வீரரான டிக்கி கார் அவரை அழைத்து, கையில் ஒரு மட்டையைக் கொடுத்து இறக்கிவிட்டார். அவ்விளைஞரே லெஸ்லி கிளாடியஸ். இரண்டே ஆண்டுகளில், 1948-ல், லண்டன் சென்ற இந்திய அணியில் அவர் இடம்பெற்றார். 1952, 1956, 1960 ஒலிம்பிக் பந்தயங்களிலும் ஆடி, மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். பின்னாளில் அவர் கல்கத்தா சுங்க இலாகாவின் ஆட்டக்காரராகவே புகழ் பெற்றார் என்பது உண்மை. எனினும் முதல் மட்டையைக் கொடுத்தது நம் ரயில்வே! இரண்டாம் அணி எதற்கு, செலவு எதற்கு என்று கேட்போருக்கு நாம் தரும் விடை இந்த ஒரு பெயர்தான்.

இதற்கிடையே கம்பெனியின் கதை முடிந்தது. 1944-ல் அரசாங்கம் அதனை ஏற்றது. 1952 ஏப்ரல் 14-ஆம் நாள் அது கிழக்கு ரயில்வேயில் கலந்தது. 1955 ஆகஸ்டு 1-ஆம் நாள் தென்கிழக்கு ரயில்வே என்ற புதுப் பெயருடன் பிரிந்து வந்தது. கடிதத் தாள், முத்திரை, பெயர்ப் பலகை அனைத்தும் மாறின. ஆடுகளத்தில் மட்டும் ரசிகர்கள் பழைய பெயரை விடவில்லை, அணி பி.என்.ஆர். என்றே வழங்கியது.

கிழக்கு ரயில்வே 1958-ல், பி.கே. பானர்ஜி ஆடிய காலத்தில், கல்கத்தா கால்பந்து லீக்கை வென்றது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் என்னும் மூவரன்றிப் பிறர் நெருங்கவியலாத பட்டத்தை ஓர் அலுவலக அணி கொண்டது நமக்கும் ஊக்கமளித்தது. 1963-ல் பி.என்.ஆருக்கு வந்தார் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1956, 1960 ஒலிம்பிக்குகளில் ஆடியவர். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஒருவர். ஈஸ்ட் பெங்காலின் தலைமையை வகித்த அவர் ரயில்வே அணிக்கு வந்தது கண்டு வியந்தோர் பலர். நாம் வியக்கவில்லை. கைதட்டலால் அடுப்பு எரியாது என்பது குடும்பஸ்தர்கள் அறிந்ததே. நுரையீரல் நோய் அவரை விரைவிலேயே, முப்பது வயதுக்கு முன்பே, ஆட்டத்திலிருந்து விலக்கியது. ஆட்டத் திறனுக்காக வேலை கொடுப்பது முறையா என்று வாதிடுவோர் இதனையும் கருதட்டும்: கால்கள் ஓயும்போது ஆட்டக்காரனுக்கு எஞ்சுவது மாதச் சம்பளம் ஒன்றே. பலராம் வங்காளத்தை விட்டுச் செல்லவில்லை. 2023 பிப்ரவரியில் கல்கத்தாவிலேயே காலமானார்.

1964-ல் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை நம் அணி வென்றது. வென்றவர் பெயர்ப் பட்டியலில் அவ்வாண்டுக்கு நேராக இருப்பது தென்கிழக்கு ரயில்வே அன்று. மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளாகியிருந்த பெங்கால் நாக்பூர் ரயில்வே.