எழுதச் சொன்னவர் யார்? புதுவையின் பழைய ஆவணங்களைத் தேடுவோர் கேட்க வேண்டிய கேள்வி

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புதுவை நகரின் வடபுறத்தில் கடலை ஒட்டி அமைந்திருப்பது குருசுக்குப்பம். ‘குப்பம்’ நம் கடற்கரைத் தமிழுக்கு உரிய சொல். சிலுவையைக் குறிக்கும் ‘குருசு’ போர்த்துகீசியர் வழியாக நம் மொழிக்கு வந்தது. ஆண்டவர்களோ பிரெஞ்சுக்காரர்கள். 1674இல் இங்கே காலூன்றியவர்கள், டச்சுக்காரரிடமும் ஆங்கிலேயரிடமும் இடையிடையே நகரை இழந்து மீட்டு, 1954 நவம்பர் 1 வரை ஆட்சி செய்தார்கள். ஒரு சிற்றூரின் பெயரிலும் அதன் ஆட்சியிலுமாக மூன்று மொழிகள் கலந்து கிடக்கின்றன.

இந்நகரத்தின் அரசாங்கத் தாள்களும் அப்படிப்பட்டவையே. வாக்குமூலம் தந்தவர் தமிழில் பேசினார். அதைக் கேட்டுச் சொன்ன துபாஷி பல நேரங்களில் போர்த்துகீசியத்தைத் துணைக்கு அழைத்தார். எழுத்தரோ பிரெஞ்சில் எழுதினார். அந்தத் தாள்களில் பெரும்பகுதி இன்று ஒளிநகலாகி, வீட்டில் அமர்ந்தபடியே எவரும் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டது. பாட்டனார் பிறந்த ஆண்டைத் தேடுவோர், சைகோனுக்குக் கப்பலேறியவரின் தடத்தைத் தேடுவோர், பள்ளிவாசல் நிலத்தின் மூலத்தைத் தேடுவோர் நம் குடும்பங்களில் பெருகி வருகிறார்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரை. ஆவணத்தைக் கண்டெடுப்பது பாதி வேலைதான். அதை எழுதச் சொன்னவர் யார் என்று கேட்டறிவது மறுபாதி.

தாள்கள் எங்கே இருக்கின்றன?

கடல் கடந்த குடியேற்றங்களில் நிகழும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளின் படி ஒன்றைப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776 ஜூன் மாதத்தில் பிரெஞ்சு மன்னர் ஆணையிட்டார். ஈரமும் கரையானும் போரும் மூலத்தை அழித்தாலும் படி எஞ்சும் என்பது அதன் நோக்கம். அந்த எச்சரிக்கை வீண்போகவில்லை. 1761இல் ஆங்கிலேயர் புதுவையைக் கைப்பற்றி நகரை இடித்துத் தள்ளியதை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டிருந்தது.

1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்படைப்பு ஒப்பந்தம் ஆவணங்களையும் பங்கிட்டது. வரலாற்று மதிப்புடையவை பிரான்சின் பொறுப்பில் இருக்கும். அன்றாட நிர்வாகத்துக்குத் தேவையானவை இந்தியாவிடம் இருக்கும். ஆகவே தேடுபவர் இரண்டு வாசல்களையும் தட்ட வேண்டும். பிரான்சின் தென்பகுதியில் எக்ஸ் ஆன் ப்ரோவான்ஸ் நகரில் 1966இல் அமைக்கப்பட்ட கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகம், புதுவை, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து இடங்களின் பழைய குடிமைப் பதிவேடுகளைக் கட்டணமின்றி இணையத்தில் வைத்துள்ளது. பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் ‘காலிக்கா’ தளத்தில் பிரெஞ்சிந்தியாவின் அரசிதழ்களையும் ஆண்டுநூல்களையும் காணலாம். நம் பக்கத்தில், இந்திய தேசிய ஆவணக்காப்பகத்தின் பதிவு மையம் ஒன்று புதுவையிலேயே இருக்கிறது. அக்காப்பகம் 2015இல் ‘அபிலேக் படல்’ என்னும் இணையவாசலையும் திறந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை எவரும் இலவசமாகத் தேடிப் படிக்கும் வசதி 2023 ஜனவரியில் வந்தது.

நம் பெயர் அவர்கள் காதில்

வாசலைக் கடந்ததும் தேடுபவர் தடுமாறும் இடம் பெயர். தமிழ்க் காது கேட்பதைப் பிரெஞ்சுக் காது கேட்பதில்லை. பிரெஞ்சில் ‘ஹ’ ஒலி இல்லை. ஆகவே ஹமீது ‘அமீது’ ஆகிப் பட்டியலின் முதல் எழுத்துக்கே போய்விடுவார். ‘உ’ ஒலியை அவர்கள் ஓ, யூ என்னும் இரண்டு எழுத்துகளால் எழுதுவார்கள். ‘ஷ’ ஒலிக்கு சி, ஹெச் என்பவற்றை இடுவார்கள். ஆங்கிலப் பழக்கத்தில் எஸ் என்ற எழுத்தின் கீழ் ஷேக்கைத் தேடுபவருக்கு அவர் அகப்பட மாட்டார். காதர் பெரும்பாலும் ‘சி’யின் கீழ் இருப்பார். முகம்மது என்ற பெயரோ எழுத்தருக்கு ஒரு விதமாக மாறும்.

இன்னொரு சிக்கல் குடும்பப் பெயர். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி, தம் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் நிலையான குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் அவ்வாறு துறக்கவில்லை; ஷரீஅத்தின்படியே திருமணமும் வாரிசுரிமையும் நடத்தினார்கள். ஆகவே நம் முன்னோர் தம் பெயரும் தந்தை பெயருமாகவே பதிவாகியிருக்கிறார்கள். குடும்பப் பெயரைக் கொண்டு தேடினால் ஒன்றும் கிடைக்காது. தந்தை பெயர், ஊர், தோராயமான ஆண்டு ஆகிய மூன்றையும் முதலில் திரட்டிக்கொண்டு, அந்த ஆண்டின் பதிவேட்டை ஏடு ஏடாகப் புரட்டுவதே வழி. வீட்டிலுள்ள மூத்த பெண்களிடம் கேட்டால், எந்தத் தளமும் தராத விவரம் கிடைக்கும்.

‘முஸ்லிம்’ என்ற சொல்லும் பழைய தாள்களில் அரிது. ‘மோர்’ என்று இருக்கும். போர்த்துகீசியர் ஆப்பிரிக்கக் கரையில் கண்ட முஸ்லிம்களுக்கு இட்ட பெயரை இங்கேயும் கொண்டுவந்தார்கள். இலங்கையில் ‘சோனகர்’ ஆங்கிலத்தில் ‘மூர்’ ஆனதும் அப்படித்தான். சில தாள்களில் ‘சூலியா’ என்றும் இருக்கும். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்களைக் குறித்த அதே சொல். நாம் நம்மை அழைத்த பெயரைக் கொண்டு தேடினால் போதாது. அவர்கள் நம்மை அழைத்த பெயரையும் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு வழக்கு, இரண்டு விதமான தாள்கள்

பெயர் பிழைபட்டால் தேடல்தான் தாமதமாகும். வாக்குமூலம் பிழைபட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புதுவையின் ஆவணங்களிலேயே மறக்கமுடியாத சான்று ஒன்று உண்டு. அதன் நாயகர் நம் சமயத்தவர் அல்லர். ஆனால் நீதி எச்சமயத்தவருக்கும் ஒன்றே என்பது நம் மார்க்கம்.

நயினியப்பப் பிள்ளை 1708இல் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக அமர்த்தப்பட்டார். அப்பதவிக்குக் கிறித்தவர் ஒருவரே வரவேண்டும் என்று யேசுசபையினர் வற்புறுத்திவந்தார்கள். 1716இல் ஆளுநர் எபேர் அவரைச் சிறைப்படுத்தினார். மக்களைக் கொடுமைப்படுத்தினார், கலகத்தைத் தூண்டினார் என்பன குற்றச்சாட்டுகள். அவ்வாண்டு ஜூன் மாதம் தீர்ப்பாயிற்று: கடைத்தெருவில் ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, 8,888 வராகன் தண்டம், சொத்துப் பறிமுதல், பிள்ளைகளுக்கு நாடுகடத்தல். 1717இல் அவர் சிறையிலேயே இறந்தார்.

அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் தாள்களே. தமிழர்கள் சொன்ன சாட்சியங்கள் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வாய்வழியாகப் பிரெஞ்சில் ஏறின. அந்த மொழிபெயர்ப்பாளர் மானுவேல், யேசுசபையின் உபதேசியாருடைய மகன். அதாவது நயினியப்பரை விலக்க முனைந்த தரப்பைச் சேர்ந்தவர். சாட்சிகள் தமக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டவற்றின் கீழே கையெழுத்திட்டார்கள் என்பது பின்னர் மேல்முறையீட்டில் எழுந்த முக்கியமான வாதம். தாள் ஒழுங்காக இருந்தது, கையெழுத்தும் இருந்தது. அதை எழுதச் சொன்னவர் மட்டும் சாட்சி அல்லர்.

அவரை விடுவித்தவையும் தாள்களே. உறவினர்களும், யேசுசபையினரோடு உடன்படாத பாதிரிமார்களும், சேன் மாலோ நகர வணிகர்களும் எழுதிய மனுக்கள் பாரீசுக்குச் சென்றன. மூத்த மகன் குருவப்பர் தாமே பிரான்சுக்குப் பயணமானார். 1720இல் தந்தையின் மீதிருந்த களங்கம் துடைக்கப்பட்டது. குருவப்பர் அங்கே கிறித்தவராகி, செவாலியர் பட்டம் பெற்றுத் திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்து, 1724இல் மறைந்தார். நயினியப்பரோடு சிறைப்பட்டவர்களில் அவருடைய மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையும் ஒருவர். அவருடைய மகனே 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை. பிறர் மொழியில் எழுதப்பட்ட தாளால் துன்புற்ற குடும்பத்திலிருந்து, கண்டதையும் கேட்டதையும் தன் மொழியிலேயே எழுதிவைத்த ஒருவர் வந்தார் என்பதை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இன்று எக்ஸ் நகரத்துக் காப்பகத்தில் அவ்வழக்கின் இரு தரப்புத் தாள்களும் இருக்கின்றன. 1716ஆம் ஆண்டின் தீர்ப்பை மட்டும் ஒருவர் பார்த்தால் நயினியப்பர் குற்றவாளி. 1720 வரை புரட்டினால் அவர் அநீதி இழைக்கப்பட்டவர். ஒரு தாளைக் கண்டதும் தேடலை நிறுத்திக்கொள்பவர் எத்தனை பெரிய தவறான முடிவுக்கு வந்துவிடக்கூடும்!

எழுத்தைப் பற்றி வேதம் கற்பிப்பது

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையையோ நோன்பையோ பற்றியது அன்று; கடன் ஆவணம் எழுதுவது பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். தவணைக் கடனை எழுதிக்கொள்ளவும், நேர்மையான எழுத்தரைக் கொண்டு எழுதவும், சாட்சிகளை வைக்கவும் அது பணிக்கிறது. நுட்பமான ஒரு விதியும் அதில் உண்டு. எவர் மீது கடப்பாடு விழுகிறதோ அவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். அவரால் இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். கடன் கொடுத்தவரோ, வலுத்தவரோ, எழுத்தரோ சொல்வதற்கு இடமில்லை. பாதிக்கப்படக்கூடியவரின் நாவிலிருந்தே ஆவணம் பிறக்க வேண்டும் என்பது அதன் உட்கிடை. நயினியப்பர் வழக்கில் மீறப்பட்டது இந்த நெறியே.

ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டபோது, ‘அல்லாஹ்வின் தூதர்’ என்ற சொல்லை எதிர்த்தரப்பின் தூதர் சுஹைல் ஏற்க மறுத்தார். நபி (ஸல்) அவர்கள் அச்சொல்லை நீக்கி, தம் தந்தையின் பெயரோடு தம் பெயரை எழுதச் செய்தார்கள். இரு தரப்பும் ஒப்பும் சொல்லே ஒப்பந்தத்தில் நிற்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய முன்மாதிரி வேண்டியதில்லை. உமர் (ரலி) அவர்களிடம் வந்த ஒரு பத்திரத்தில் ‘ஷஅபான்’ என்று மட்டும் இருந்ததாகவும், எந்த ஆண்டின் ஷஅபான் என்ற கேள்வி ஹிஜ்ரி ஆண்டுக்கணக்கு ஏற்படக் காரணங்களில் ஒன்றாயிற்று என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆண்டு குறிக்காத ஆவணம் அரை ஆவணம் என்பதை அந்தச் சமுதாயம் அன்றே உணர்ந்திருந்தது.

இந்த அளவுகோலைப் புதுவையின் தாள்களுக்கும் பயன்படுத்த வேண்டும். கிறித்தவர், முஸ்லிம், இந்து ஆகிய இந்தியர்கள் தத்தம் சட்டப்படியும் வழக்கப்படியும் தீர்ப்புப் பெறுவார்கள் என்று 1819 ஜனவரி 6ஆம் நாள் ஆணை உறுதியளித்தது. அந்த வழக்கங்கள் எவை என்று நீதிமன்றங்களுக்குச் சொல்ல 1827இல் ஆலோசனைக் குழு ஒன்றும் அமைந்தது. நல்ல ஏற்பாடு. ஆயினும் ஒரு வாரிசுரிமைத் தீர்ப்பைப் படிக்கும்போது, ‘முஸ்லிம்களின் வழக்கம்’ என்று அதில் காண்பதை ஃபிக்ஹு நூலின் சட்டமாக உடனே கொள்ளலாகாது. அது ஒருவர் சொல்ல, மற்றொருவர் பெயர்க்க, மூன்றாமவர் எழுதியது. சொன்னவர் யார், அவருக்கு அதில் ஆதாயம் உண்டா என்று பார்த்த பிறகே எடைபோட வேண்டும்.

தேடுபவரின் ஒழுக்கம்

பிரெஞ்சுச் சட்டம் பிறப்பு, திருமணப் பதிவேடுகளை 75 ஆண்டுகள் கழித்தே பொதுமக்களுக்குத் திறக்கிறது. நம் மார்க்கம் அதனினும் ஆழமான திரை ஒன்றை இட்டிருக்கிறது. பிறர் குறையைத் துருவுவதை அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. நீதிமன்றத் தாள்களில் மணமுறிவும் கடனும் சண்டையும் நிறைந்திருக்கும். உரிமையை நிலைநாட்டவும், உறவை அறியவும், வரலாற்றைத் திருத்தவும் தேடுவது நற்செயல். அடுத்த வீட்டாரின் பாட்டனார் தோற்ற வழக்கை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் பரப்புவது நற்செயல் அன்று.

நம் கையிலிருக்கும் தாள்களின் நிலை என்ன? நீண்டகாலப் பயன்பாட்டை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு ஒரு சொத்தைப் புதிதாக வக்ஃப் என நிறுவும் வழியை 2025ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது. அவ்வாண்டு ஜூன் 6 அன்று தொடங்கப்பட்ட ‘உமீத்’ தளத்தில் விவரங்களை ஏற்ற ஆறு மாத அவகாசமே தரப்பட்டது. எத்தனை முத்தவல்லிகள் அப்போதுதான் பழைய பெட்டிகளைத் திறந்தார்கள் என்பதை நாம் அறிவோம். முன்னூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து சென்ற தாள் பத்திரமாக இருக்க, நம் மஹல்லாவின் நிக்காஹ் தஃப்தர் கரையானுக்கு இரையாவது தகுமா?

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் தஃப்தர்களையும் வக்ஃப் பத்திரங்களையும் இந்த ஆண்டே ஒளிநகல் எடுக்கட்டும். ஒரு படி பள்ளிவாசலிலும் மற்றொரு படி வேறோர் ஊரிலும் இருக்கட்டும். பெயரை மணமக்களே எழுத்துக்கூட்டிச் சொல்ல, அதன்படியே எழுதட்டும். ஹிஜ்ரி ஆண்டோடு ஆங்கில ஆண்டையும் சேர்த்துக் குறிக்கட்டும். எழுதியதைக் கையெழுத்திடுமுன் உரியவருக்குப் படித்துக்காட்டட்டும். நாளை நம் பேரப்பிள்ளைகள் தேடும்போது, அவர்கள் கைக்குக் கிடைப்பது நாமே சொல்லி எழுதிய தாளாக இருக்க வேண்டும்.

எழுத்தும் ஓர் அமானத். அதை நீதியோடு எழுதவும் காக்கவும் வல்ல அல்லாஹ் நமக்குத் துணைபுரிவானாக. ஆமீன்.