சுந்தரம் கரிவரதன்

சுந்தரம் கரிவரதன் (1954–1995) கோயம்புத்தூரைச் சேர்ந்த கார் பந்தய ஓட்டுநர். பந்தயக் கார்களை வடிவமைத்தவர். 1910இல் தொடங்கப்பட்ட லட்சுமி மில்ஸ் நிறுவனத்தின் குடும்பத்தில் பிறந்தவர். பந்தய வட்டாரத்தில் 'கரி' என்றே அழைக்கப்பட்டார்.

அவர் ஓட்டிய காலத்தில் தென்னிந்தியாவின் முதன்மைப் பந்தயக் களம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போரின்போது அமைக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்ட விமான ஓடுதளம் அது. அங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் பந்தயங்கள் நடத்தியது.

நாட்டில் அப்போது விற்பனையில் இருந்த கார்கள் அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு என மிகச் சிலவே. பந்தயத்துக்கென்று தனிக் கார் கிடைக்காது. இறக்குமதிக்கும் கடும் கட்டுப்பாடு. எனவே வீட்டுக் காரையே மாற்றியமைத்து ஓட்டினார்கள். இருக்கைகளைக் கழற்றி எடையைக் குறைப்பார்கள். இன்ஜின் ஹெட்டை இழைத்து அழுத்த விகிதத்தை உயர்த்துவார்கள். அமெரிக்காவின் மண் ஓடுதளங்களில் வளர்ந்த 'மாடிஃபைட்' பந்தயமும் இப்படிப் பிறந்ததுதான். ஆனால் அங்கே பழைய கார் மலிவு. இங்கோ புதுக் காருக்குப் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படி வாங்கியதைப் பிரித்துப் போட எத்தனை பேருக்கு மனம் வரும்? இதே சோழவரத்தில், 1980களில் விஜய் மல்லையா என்சைன் பார்முலா 1 காரை ஓட்டினார். பணம் உள்ளவருக்கு ஒரு பந்தயம், இல்லாதவருக்கு வேறொரு பந்தயம் என்பதே நிலைமை.

இதை மாற்ற வழி தந்தது 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800. அதன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினை எடுத்து, ஒருவர் மட்டும் அமரும் திறந்த சக்கரப் பந்தயக் காரைக் கரிவரதன் உருவாக்கினார். இதுவே 'பார்முலா மாருதி'. மாருதியில் இன்ஜினும் கியர் பெட்டியும் ஒரே தொகுதியாக முன்புறம் இருந்து முன்சக்கரங்களை இயக்கும். அந்தத் தொகுதியை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் அதுவே பின்சக்கரங்களை இயக்கும் பந்தயக் கார் ஆகிவிடும். இன்ஜின் பாகம் ஏதும் உடைந்தால் ஊர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். இன்று இது சிறு செய்தியாகத் தோன்றலாம். அன்று ஓர் இளைஞர் பந்தயத்தில் நீடிப்பாரா, விலகுவாரா என்பதை அதுதான் முடிவு செய்தது. எல்லாரிடமும் ஒரே வகைக் கார் இருந்ததால் ஓட்டுபவரின் திறமையும் வெளிப்பட்டது. கரிவரதன் ஓட்டி வென்றவற்றைவிட இந்தக் காரையே அவரது பெரிய பணியாகக் கருத வேண்டும்.

1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 1977இல் சென்னையில் பிறந்து கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தை அங்கே ஓட்டியது பார்முலா மாருதியில்தான். 1996இல் பார்முலா ஆசியா பட்டம் வென்ற அவர், 2005இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து பார்முலா 1 போட்டியில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

கரிவரதன் அதைக் காண இல்லை. 1995 ஆகஸ்ட் 24 அன்று சிறு விமான விபத்தில் இறந்தார், வயது 41. கோவை செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்துக்கு அவர் நினைவாகக் 'கரி மோட்டார் ஸ்பீடுவே' எனப் பெயரிடப்பட்டது.