குடவோலையும் நிலவுடைமையும்

பண்டைத் தமிழகத்தில் மக்களாட்சி நிலவியதென நிறுவ முனைவோர் முதலிற் சுட்டும் சான்று உத்திரமேரூர்க் குடவோலை முறையாகும். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய (கி.பி. 919, 921) இரு கல்வெட்டுகள் அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ளன. அவை பெருமையுடன் நினைவுகூரப்படும் அளவிற்கு நுணுகி நோக்கப்படுவதில்லை.

குடத்திலிருந்து ஓலையெடுக்கும் வழக்கம் சோழர் காலத்துக்கு முற்பட்டது. அகநானூற்று 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார் அதனை உவமையாக எடுத்தாண்டுள்ளார். உத்திரமேரூர்ச் சபை அவ்வழக்கத்தை விரிவான விதிகளாக வகுத்தது. 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளிற் பொறிக்கப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சபை முழுவதும் கூடியிருக்க, உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஓலையெடுத்தான். அதனை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். இவ்வாறு குடும்புக்கு ஒருவராகத் தெரிவானோரைக் கொண்டே சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியன 360 நாட்களுக்கு அமைந்தன. முந்திய மூன்றாண்டுகளில் வாரியஞ் செய்தோரும், பதவி வகித்துக் கணக்குக் காட்டாதோரும், பின்னவரின் உறவினரும் விலக்கப்பட்டனர். பொதுப்பணத்துக்குப் பொறுப்புக் கூறவேண்டும் என்ற இந்நெறி இன்றும் மதிக்கத்தக்கது.

ஆயின், குடத்துள் இடப்பட்ட பெயர்கள் யாருடையவை? உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். அதன் சபை பிராமண நில உடைமையாளரின் சபை. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதும், வேதக் கல்வியும் தகுதிகளாக விதிக்கப்பட்டன. கல்வி மிக்கோர்க்கு அரைக்கால் வேலி போதுமெனச் சலுகை அளிக்கப்பட்டது. அந்நிலத்தில் உழைத்தோரின் பெயர் எந்த ஓலையிலும் இடம்பெறவில்லை.

அவ்வாறாயின், உடைமையாளர் தமக்குள் திருவுளச்சீட்டை நாடியது ஏன்? ஏரிநீரையும் ஊர் வருவாயையும் ஆள்வோர் ஊரையே ஆள்வர். அவ்வதிகாரம் ஒரு கட்சியினர் கையில் நிலைபெறாது தடுக்கும் கருவியாகவே குடவோலை அமைந்தது எனலாம். 919இல் வகுத்த விதிகளை இரண்டே ஆண்டுகளில், அரச ஆணைப்படி அதிகாரி உடனிருக்க, மீளத் திருத்த நேர்ந்தமை உட்பூசலின் வலிமையை உணர்த்துகின்றது. இங்கு நிலவியது ஆளும் பிரிவினரிடையே நிலவிய சமத்துவமே.

ஏதென்ஸ் நகரோடு ஒப்பிடுமிடத்து இது மேலும் தெளிவாகும். அங்கு 500 பேர் கொண்ட ஆலோசனை மன்றமும் நீதிமன்ற நடுவர்களும் சீட்டு மூலம் தெரிவாயினர். சீட்டினைக் குடியாட்சிக்கும், தேர்தலைச் சிலராட்சிக்கும் உரியதாக அரிஸ்டோட்டில் கருதினார். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பெரிக்ளிஸ் நடுவர்க்கு ஊதியம் வழங்கியமையால் வறிய குடிமகனும் தொழிலை விட்டு நீதிமன்றத்தில் அமர முடிந்தது. எனினும் அடிமைகளும் பெண்களும் வந்தேறிகளும் அங்கும் வெளியிலேயே நிறுத்தப்பட்டனர்.

அயர்லாந்தில் 2016இல் கூடிய குடிமக்கள் பேரவைக்கு 99 பேர் வாக்காளர் அனைவரிடமிருந்தும் எழுமாற்றாகத் தெரிவுசெய்யப்பட்டனர். கருக்கலைப்புத் தடை பற்றி அவர்கள் அளித்த பரிந்துரையை அடுத்து, 2018இல் பொதுவாக்கெடுப்பு மூலம் அத்தடை நீக்கப்பட்டது.

குடத்துள் கைவிடும் சிறுவன் பக்கச்சார்பற்றவனாக இருக்கலாம்; குடமோ ஒருபோதும் அவ்வாறிருந்ததில்லை. எவர் பெயர் ஓலையில் ஏறும் என்பதைச் சொத்துறவுகளே முன்கூட்டித் தீர்மானித்தன. குடவோலையின் வரலாறு அவ்விடத்திலிருந்தே எழுதப்படல் வேண்டும்.