காற்றும் ஊர்ச் சம்மதமும்

மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை, கிழக்கே கடலும் மேற்கே வயல்வெளியும் எல்லையாக நிற்க, இடையிலே ஒடுங்கிய மணல்நிலத்தில் நெருங்கி வாழும் ஊர்களுக்குக் காற்று பழைய உறவு. மாரி காலத்திலே கடலிலிருந்து வாடை எழும். மீனவர் தோணிகளைக் கரையேற்றி வைப்பர். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் வீசும். மலைநாட்டிலே தன் ஈரத்தை உதிர்த்துவிட்டு, அனலாக இறங்கிவரும் காற்று அது. அக்காலத்திற் கடல் அடங்கிக் கிடப்பதால் கரைவலைத் தொழில் செழிக்கும். களவெட்டியிலே சூடடித்த நெல்லைப் பதரினின்றும் பிரித்துக் கொடுத்ததும் காற்றே. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆம் திகதி இரவு சூறாவளியாக வந்து, கூரைகளைப் பிடுங்கித் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததும் காற்றே.

ஆகவே, காற்றைக் கொண்டு மின்சாரம் செய்யலாம் என்று ஒருவர் கல்முனைப் பக்கத்து ஊரொன்றுக்கு வந்து சொல்வாராயின், காற்றைப் பற்றி அங்குள்ளோர்க்கு அவர் புதிதாகச் சொல்லவேண்டியது மிகுதியாக இராது. பொறியைப் பற்றியும், பணத்தைப் பற்றியும், நிலத்தைப் பற்றியும், உரிமையைப் பற்றியுமே சொல்லவேண்டியிருக்கும். சிறியதொரு காற்றாலையை ஒரு நாட்டுப்புற ஊரின்முன் வைப்பது எவ்வாறு என்னும் வினாவுக்கு ஏறக்குறைய 140 ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலே வெற்றியும் தோல்வியும் காற்றின் வேகத்தை மட்டும் பொறுத்திருக்கவில்லை. ஊரை யார், எப்பொழுது, எவ்வகையிற் கேட்டார் என்பதையும் அவை பொறுத்திருந்தன.

அவ்வரலாற்றின் முதல் ஏடு ஸ்கொத்லாந்திலே விரிகின்றது. கிளாஸ்கோ நகரத்து அன்டர்சன் கல்லூரியிற் பேராசிரியராக விளங்கியவர் ஜேம்ஸ் பிளைத். 1887ஆம் ஆண்டு யூலை மாதத்தில், தாம் பிறந்த மேரிகேர்க் என்னும் சிற்றூரிலே, விடுமுறையைக் கழிக்கும் வீட்டின் தோட்டத்தில், துணிப்பாய்கள் கட்டிய ஒரு பொறியை அவர் நிறுவினார். அது ஏறக்குறைய 10 மீற்றர் உயரமானது. காற்றிலே சுழன்று, சேமக்கலங்களில் மின்னைத் தேக்கி, அவ்வீட்டின் விளக்குகளை எரித்தது. காற்றினாற் பிறந்த மின்னொளியை உலகிலே முதன்முதலாகப் பெற்ற வீடு அதுவே என்பர். வீட்டுக்குப் போக எஞ்சிய மின்னால் ஊரின் பெருந்தெருவுக்கு ஒளியூட்டலாமென்று பிளைத் முன்வந்தார். ஊரார் மறுத்தனர். மின்சாரம் சாத்தானின் வேலை என்பது அவர்கள் கூறிய காரணம்.

இச்செய்தியைக் கேட்டு அவ்வூராரை எள்ளி நகையாடுதல் எளிது. ஆனால், நிகழ்ந்ததைச் சற்று ஆராய்தல் வேண்டும். பொறி பேராசிரியருடையது, தோட்டம் அவருடையது, அதனை இயக்கும் அறிவும் அவருடையதே. ஊருக்கு எஞ்சியிருந்த பங்கு, தரும் ஒளியை ஏற்றுக்கொள்வது ஒன்றுதான். விளங்காத பொருளை மனிதர் அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்தைப் போக்கும் பணி தொடங்குமுன்னரே பொறி சுழலத் தொடங்கிவிட்டது. பிற்காலத்திற் பிளைத் அமைத்த மற்றொரு காற்றுப் பொறி மொன்ட்றோஸ் நகரத்து மனநோய் மருத்துவமனைக்கு மின்னளித்தது. பிறந்த ஊரின் தெருவோ அவர் தந்த ஒளியைக் காணவில்லை.

இதற்கு நேர்மாறான வழியிற் சென்றவர் டென்மார்க்கு நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவர். அவர் பெயர் போல் லா கூர். நாட்டுப்புற இளைஞர்க்கென அமைந்த அஸ்கோவ் உயர்பள்ளியிலே அவர் கற்பித்து வந்தார். 1891ஆம் ஆண்டிலே அப்பள்ளியில் ஓர் ஆய்வுக் காற்றாலையை எழுப்பினார். காற்று ஓய்ந்தபோதும் ஒளி வேண்டும் என்பதற்காக, மின்னைக் கொண்டு நீரைப் பகுத்து, ஐதரசன் வாயுவைத் தேக்கி, அதனாற் பள்ளிக்கு விளக்கேற்றினார். அவர் செய்த பணிகளுட் பெரியது ஆய்வுகூடத்துக்கு வெளியே நிகழ்ந்தது. கிராமங்களுக்கு மின்னொளி தருவதற்கென 1903ஆம் ஆண்டு ஒரு சங்கம் நிறுவப்பட்டது. உழவர் வீட்டு இளைஞர்களுக்கு மின்தொழிலைக் கற்பிக்கும் வகுப்புகளும் நடந்தன. இவ்வாறு பயின்றவர்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பிச் சென்றனர். லா கூர் 1908ஆம் ஆண்டிற் காலமானார். எனினும், 1918ஆம் ஆண்டளவில் அந்நாட்டிலே ஏறக்குறைய 120 சிறு மின்னிலையங்கள் காற்றாலைகளைக் கொண்டிருந்தன. பொறி பழுதுபட்டால் திருத்துவதற்கு அயலூர் அறிஞரை எதிர்பார்க்க வேண்டிய நிலை அங்கே குறைந்தது. அறிந்தவன் ஊரிலேயே இருந்தான். மேரிகேர்க்கில் இல்லாதிருந்தது அதுவே.

அந்த மண்ணில் அன்று இடப்பட்ட வித்து நூறாண்டின் பின்னரும் பயன் தந்தது. டென்மார்க்குக்குரிய சம்சோ என்னும் தீவில் ஏறக்குறைய 4000 மக்கள் வாழ்கின்றனர். 1997ஆம் ஆண்டு அரசு நடத்திய போட்டியொன்றில் வென்று, தமக்கு வேண்டிய சக்தியைத் தாமே ஆக்கும் திட்டத்தை அத்தீவினர் மேற்கொண்டனர். திட்டத்தை வீடுவீடாகவும் கூட்டங்கூட்டமாகவும் எடுத்துச் சொன்னவருள் முதன்மையானவர், அத்தீவிலே உழவர் குடும்பத்திற் பிறந்து ஆசிரியத் தொழில் புரிந்த சோரன் ஹேர்மன்சன். 2000ஆம் ஆண்டளவிலே ஒவ்வொன்றும் 1 மெகாவாற்று ஆற்றலுள்ள 11 காற்றாலைகள் நிலத்தில் எழுந்தன. அவற்றுள் 9 தனிப்பட்ட உழவருக்குரியவை. 2 கூட்டுறவு முறையிற் பலருக்குரியவை. சில ஆண்டுகளிற் கடலிலே மேலும் 10 காற்றாலைகள் நாட்டப்பட்டன. காற்றாலையின் ஓசை சிலருக்கு இரைச்சலாகவும், அதிற் பங்குடையார்க்கு வருவாயின் ஒலியாகவும் கேட்பது மனித இயல்பு. இதனைச் சம்சோ மக்கள் நன்கறிந்து நடந்தனர்.

ஐரோப்பிய நாட்டுக்குப் பொருந்துவது நம்மவர்க்குப் பொருந்துமோ என்று கேட்பார் உளர். அவர்க்கு விடையாகத் தமிழ்நாட்டிலே ஓர் ஊராட்சி விளங்குகின்றது. கோயம்புத்தூர் மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்துக்கு அருகே உள்ளது ஓடந்துறை. 1996ஆம் ஆண்டு முதற் பத்தாண்டுகள் அதன் தலைவராயிருந்தவர் இரா. சண்முகம். குழாய்நீர் இறைக்கவும் தெருவிளக்கு எரிக்கவும் ஆகும் மின்கட்டணம் ஆண்டுதோறும் ஏறி, ஊராட்சியின் வருவாயை விழுங்கி வந்தது. அந்தச் சுமையைக் குறைக்க வழி தேடியபோது, மரத்துண்டுகளை எரித்து வாயுவாக்கி நீர் இறைக்கும் சிறு பொறியொன்றை 2003ஆம் ஆண்டில் அவ்வூராட்சி அமைத்தது. சிறியது பயன் தந்தபின் பெரியதை எண்ணத் துணிவு பிறந்தது. 2006ஆம் ஆண்டில் 350 கிலோவாற்று ஆற்றலுள்ள காற்றாலையொன்றை ஊராட்சியே விலைக்கு வாங்கிற்று. விலை 1 கோடியே 55 இலட்சம் ரூபாய். அதில் 40 இலட்சம் ஊராட்சியின் சேமிப்பு. எஞ்சிய 1 கோடியே 15 இலட்சம் வங்கிக் கடன்.

ஓடந்துறையின் கதையிலே நுணுகி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்தக் காற்றாலை ஓடந்துறையில் நிற்கவில்லை. காற்று வளமுடைய உடுமலைப்பேட்டைப் பக்கத்திலே, மைவாடி என்னுமிடத்தில் நிற்கின்றது. அங்கே பிறக்கும் மின் அரசின் மின்கம்பிகளிற் கலக்கின்றது; ஊராட்சியின் மின்கணக்கில் அது வரவு வைக்கப்படுகின்றது. காற்றாலை நிறுவப்பட்ட காலத்துக் கணக்கின்படி, ஆண்டுக்கு ஏறக்குறைய 6 இலட்சத்து 75 ஆயிரம் அலகு மின் பிறந்தது. ஊரின் பொதுத் தேவைக்கு 4 இலட்சத்து 50 ஆயிரம் அலகு போக, மீதி மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. ஊர் தன் எல்லையிற் காற்றில்லை என்று வாளாவிருக்கவில்லை. காற்றுள்ள இடத்திலே தன் உடைமையை நிறுத்திக்கொண்டது.

இனி இலங்கைக்கு வருவோம். இங்கே காற்று மின்சாரத்தின் முன்னோடியாக இலங்கை மின்சார சபை 1999ஆம் ஆண்டில் அம்பாந்தோட்டையிலே 3 மெகாவாற்று ஆற்றலுள்ள சிறு நிலையமொன்றை அமைத்தது. ஒவ்வொன்றும் 600 கிலோவாற்று ஆற்றலுள்ள 5 காற்றாலைகள் அதில் இருந்தன. 2010ஆம் ஆண்டு முதல் புத்தளம் கற்பிட்டிப் பக்கத்திலும், பின்னர் கிளிநொச்சி மாவட்டத்துப் பச்சிலைப்பள்ளியிலும் தனியார் நிலையங்கள் எழுந்தன. 2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் மன்னார்த் தீவின் தென்கரையிலே ‘தம்பபவனி’ என்னும் பெருநிலையம் திறந்துவைக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு மின்சார சபை அமைத்த அந்நிலையத்தில் 30 காற்றாலைகள் உள்ளன. மொத்த ஆற்றல் 103.5 மெகாவாற்று. நாட்டின் எரிபொருட் செலவைக் குறைக்கும் நல்ல பணி இது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், மன்னாரின் வரலாறு அங்கே முடியவில்லை. மேலும் காற்றாலைகள் வருமென்ற செய்தி பரவியபோது மக்கள் முறையிடத் தொடங்கினர். வெள்ளநீர் வழிந்தோடும் பாதை அடைபடுகின்றது என்றனர். மீன்பிடி குன்றுகின்றது என்றனர். வடதிசையிலிருந்து வலசை வரும் பறவைகளின் வழி அது என்று சூழலியலாளர் நீதிமன்றம் சென்றனர். மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாற்று ஆற்றலுள்ள நிலையங்களை அமைக்கவிருந்த இந்திய நிறுவனமாகிய அதானி, விலை பற்றிய கருத்து வேறுபாட்டின் பின், 2025 பெப்ரவரியிலே திட்டத்தினின்றும் விலகியது. அதே ஆண்டு ஆகத்து மாதத்தில், வேறு திட்டங்களுக்குரிய காற்றாலைப் பாகங்கள் தீவுக்குட் கொண்டுவரப்பட்டபோது மக்கள் தெருவில் இறங்கி மறித்தனர். அரசு வேலையை ஒரு மாத காலத்துக்கு நிறுத்திவைக்க நேர்ந்தது. மேரிகேர்க் மக்கள் அறியாமையினால் மறுத்தனர் என்று சொல்வோர் உண்டு. மன்னார் மக்களை அவ்வாறு சொல்ல முடியாது. அவர்கள் காற்றாலையை அருகிருந்து கண்டவர்கள்.

இவ்வரலாறு அனைத்தையும் அம்பாறைக் கரையின்மேல் வைத்து நோக்கினாற் புலப்படுவன யாவை? முதலாவது, அளவை. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். பாதியானால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே, ‘எங்கள் ஊரில் நல்ல காற்று’ என்னும் நம்பிக்கை போதாது. காற்றாலையின் உயரத்துக்கு ஒரு கம்பத்தை நாட்டி, வாடைக் காலமும் கச்சான் காலமும் இடைப்பட்ட மாதங்களும் அடங்க ஓராண்டேனும் அளந்து பார்த்தல் வேண்டும். இலங்கையிலே காற்று வளம் மிக்கவை வடமேற்குக் கரை, வடபகுதி, மலைநாட்டுக் கணவாய்கள் என ஆய்வாளர் வகுத்துள்ளனர். அம்பாறைக் கரை மலைநாட்டின் மறைவில் இருப்பதாற் கச்சானின் வலிமையை அளவாமல் நம்புதல் ஆகாது. அளந்த கணக்கை ஊரார் முன்னிலையிற் படித்துக் காட்டுதலே முன்வைப்பவரின் முதற் கடமை.

இரண்டாவது, நிலம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை இலங்கையிலே மிகுதியான உயிர்களைக் கொண்டது அம்பாறை மாவட்டத்தில்தான். அதன் பின்னர், வடக்கு கிழக்கிலே கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று மேலிடத்திலிருந்து விதி வந்தது. ஊரைக் கேளாது வந்த அவ்விதி எத்தனை குடும்பங்களை அலைக்கழித்தது என்பதை இக்கரை மறக்கவில்லை. அவ்விதியும் பின்னர் தளர்த்தப்பட்டது. தோணி ஏற்றவும், வலை உலர்த்தவும், மையித்து அடக்கவும் இடம் நெருக்கமான ஊர்களிலே, காற்றாலைக்கு நிலம் கேட்போர் இந்த நினைவை மனத்திற்கொண்டே பேசவேண்டும். நிலமும் காற்றும் போதாவெனின், ஓடந்துறை காட்டிய வழி உண்டு. சட்டமும் மின்சார சபையும் இடங்கொடுக்குமாயின், காற்றுள்ள வேறோரிடத்தில் ஊரின் பெயரால் ஒரு காற்றாலை நிற்கலாம்.

மூன்றாவது, சபை. கூடி முடிவெடுக்கும் வழக்கம் இவ்வூர்களுக்குப் புதிதன்று. விதைப்புக்கு முன்னர் உழவர் கூடி, நீர் திறக்கும் நாளையும் விதைக்கும் நாளையும் தீர்மானிப்பர். அத்தீர்மானத்தை வட்டைவிதானை நிறைவேற்றுவார். பள்ளிவாசல்களிலே குடிக்கொருவராக மரைக்காயர் அமர்ந்து ஊர்க்கருமம் பேசிய மரபும் உண்டு. கல்லோயாத் திட்டத்தின் நீரைப் பங்கிட்டு உண்ணத் தெரிந்த மக்களுக்குக் காற்றின் பயனைப் பங்கிடுவதும் கைகூடாததன்று. ஆனால், ஒன்று நினைவிருத்தல் வேண்டும். இக்கரையில் வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்லும் வழக்கு நெடுங்காலமாக உள்ளது. ஆடவர் மட்டும் கூடிய கூட்டத்தின் சம்மதம், வீட்டுக்குரியவரின் சம்மதம் ஆகாது.

முன்வைப்பவர் சொல்லவேண்டியவற்றை இவ்வரலாறே வரிசைப்படுத்தித் தருகின்றது. காற்று எவ்வளவு, செலவு எவ்வளவு, கடனை யார் அடைப்பார், வருவாயில் ஊருக்கு எத்துணை, பழுதுபட்டால் திருத்தும் பிள்ளைகள் எந்தப் பள்ளியிற் பயில்வர், வெள்ளம் வழிந்தோடும் வழி எது, கரைவலைப்பாடு எது, இருபது, இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் தேய்ந்த பொறியை அகற்றுவது யார். இவற்றுக்கு விடை சொல்லிய பின்னர், ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையும் ஊருக்கு உண்டென்பதை முன்வைப்பவர் ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். அவ்வுரிமையை உண்மையாகவே பெற்ற ஊர் ‘வேண்டும்’ என்று சொல்லுமாயின், அச்சொல் நிலைத்து நிற்கும்.