குலப்பெருமையும் கருவளமும்

மாட்டின் குலவழியை ஏட்டில் எழுதிவைக்கும் வழக்கம் இங்கிலாந்திலே சிறப்புற்றது. 1822ஆம் ஆண்டில் ஜோர்ஜ் கோட்ஸ் என்பார் ஷோட்ஹோண் இனத்துக்குப் பதிவேடொன்றை வெளியிட்டார். மாட்டினத்துக்கென எழுந்த முதற் பதிவேடு அதுவே. ஹெரிபோட், அங்கஸ் ஆகிய இறைச்சியினங்களும் பின்னர்த் தத்தமக்கெனப் பதிவேடுகள் பெற்றன. இவ்வினங்கள் அமெரிக்காவிற் பரவியபோது, தூய குலம் என்னும் பெருமையும் உடன் சென்றது. கலப்புக் கன்று தாழ்ந்தது என்ற எண்ணம் பண்ணையாளர் பலரிடம் வேரூன்றிற்று.

ஆயினும், பண்ணையின் வரவு செலவை முடிவு செய்வது பதிவேடன்று, நாகு. கன்று ஈனாத இளம் பசுவையே நாகு என்பர். அது இரண்டு வயதில் முதற் கன்றை ஈனவேண்டுமாயின், பதினைந்தாம் மாதமளவிற் சினைப்படல் வேண்டும். அதற்கு முன்னரே பருவமடைதலும் வேண்டும். பருவந் தவறிய நாகு ஓராண்டுத் தீனியை வீணே உண்ணும். அன்றேல் இறைச்சிக்குச் செல்லும்.

நெபிராஸ்கா மாநிலத்தில் ரொபின்சன் கோட்டை என்னும் பழைய இராணுவ நிலையம் 1949இல் மாட்டு ஆராய்ச்சி நிலையமாயிற்று. அங்கே கீத் கிரெகரி முதலிய விஞ்ஞானிகள் மேற்கூறிய மூவினங்களையும் தூயனவாகவும், ஒன்றோடொன்று கலந்தும் வளர்த்து ஒப்புநோக்கினர். கலப்பு நாகுகள் தூயவற்றைவிட இளவயதிலேயே பருவமடைந்தன என 1966இல் அறிவித்தனர். அவை விரைவாக வளர்ந்தமை மாத்திரம் இதற்குக் காரணமன்று. கருவளம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் சிறிதளவே இறங்குவது. ஆதலால், நல்லனவற்றைத் தெரிந்து பெருக்குதலால் அது மெல்லவே திருந்தும். ஓரினத்துள்ளே மறைந்து திரண்ட குறைகளையோ, கலப்பு ஒரு தலைமுறையிலேயே மட்டுப்படுத்தும்.

காளையோடு சேர்த்த பசுவொன்றுக்குக் கிடைத்த பால்மறந்த கன்றின் எடை, கலப்பினால் ஏறத்தாழ 23 சதவீதம் உயர்ந்தமை 1974இல் வெளியாயிற்று. அவ்வுயர்வில் அரைப்பங்குக்கு மேற்பட்டது கலப்புத் தாயினால் வந்தது. கன்றின் சதையைக் கருதிக் கலந்தோர், தாயின் கருவளமே பெரும்பேறெனக் கண்டனர்.

எனினும், எல்லாக் கலப்பும் நன்மை தருவதன்று. 1970ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவின் பேருருவ இனமாகிய சாரொலே போன்றவற்றின் காளைகளைச் சேர்த்தபோது கன்றுகள் பெருத்தன. ஈற்றுத் துன்பமும் பெருகிற்று. இளம் நாகுக்கு அது உயிராபத்தாகவும் முடியும். ஆகவே, முதலீற்று நாகுக்குச் சிறு கன்று தரும் காளையைத் தெரிதல் அறிவுடைய பண்ணையாளரின் வழக்கமாயிற்று.