குளிர்கால முகாம் மருத்துவம் (அமெரிக்க உள்நாட்டுப் போர்)

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–65) படைகள் குளிர்காலத்தில் ஓரிடத்தில் தங்கியிருந்த மாதங்களில், ரெஜிமென்ட் மருத்துவர்களும் அவர்களுக்குக் கீழிருந்த படைவீரர்களும் செய்த சிகிச்சை, சுகாதாரப் பணிகளின் தொகுப்பு. கிழக்குப் போர்முனையில் பனியும் சேறும் சாலைகளை அடைத்துவிடும். ஆகவே டிசம்பர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் இறுதி வரை பெரும் சண்டைகள் அரிதாகவே நடந்தன. ஆனால் சாவு ஓயவில்லை. வடமாநிலங்களின் படையில் (வடவர் படை) இறந்தவர்கள் ஏறத்தாழ 3,60,000 பேர். களத்தில் விழுந்தவர்களும் காயத்தால் மாண்டவர்களும் இவர்களில் 1,10,000 பேர் அளவே. எஞ்சியவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றவை வயிற்றுப்போக்கு, சீதபேதி, டைபாய்டு, நிமோனியா, தட்டம்மை முதலான நோய்கள். இரு தரப்பிலும் சேர்த்து 6,20,000 பேர் இறந்தனர் என்பது நெடுங்காலம் ஏற்கப்பட்டிருந்த கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு ஜே. டேவிட் ஹேக்கர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அது 7,50,000 அளவில் இருக்கலாம் என்கிறது.

முன்வரலாறு

அமெரிக்க விடுதலைப் போரில் வாலி போர்ஜ் முகாமில் (1777–78) கழிந்த குளிர்காலமே இத்துறையில் முதலில் சொல்லப்படுவது. அங்கே ஏறத்தாழ 2,000 பேர், பெரும்பாலும் நோயால், இறந்தனர். அதற்கு முன்பே ஜார்ஜ் வாஷிங்டன் படைவீரர்களுக்குப் பெரியம்மைத் தடுப்பு செய்ய ஆணையிட்டிருந்தார். மெக்சிகோ போரிலும் (1846–48) குண்டுக்குப் பலியானவர்களைவிட நோய்க்குப் பலியானவர்கள் பன்மடங்கு. கிரிமியப் போரில் 1854–55 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் படைக்கு நேர்ந்த அழிவும், அதையொட்டி நடந்த சுகாதாரச் சீர்திருத்தமும் அமெரிக்கர்களுக்குப் பாடமாயின. 1861 ஜூனில் தோன்றிய அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சுகாதார ஆணையம் என்ற தொண்டு அமைப்பு அந்தப் பாடத்தின் விளைவே.

ஆள்களும் அன்றாடப் பணியும்

முழு எண்ணிக்கையில் ஆயிரம் பேரளவு கொண்ட ஒரு ரெஜிமென்ட்டுக்கு ஒரு சர்ஜன் இருந்தார். துணை சர்ஜன் முதலில் ஒருவர். 1862 முதல் இருவர். அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்தவர் ‘ஹாஸ்பிடல் ஸ்டூவர்டு’. 1856ஆம் ஆண்டுச் சட்டம் இப்பதவிக்கு இடமளித்தது. நம் ஊர் மருத்துவமனைகளில் இருந்த பழைய கம்பவுண்டரைப் போல மருந்து கலப்பதும் கொடுப்பதும் இவர் வேலை. அத்துடன் மருந்துப் பெட்டியின் சாவி, நோயாளிகளின் உணவு, மருத்துவமனைக் கூடாரத்தின் துப்புரவு, நாள்தோறும் நோயாளிப் பட்டியல் எழுதுவது எல்லாம் இவர் பொறுப்பு. தேவைப்பட்டால் பல்லும் பிடுங்குவார். கைச்சட்டையில் பச்சைத் துணிப்பட்டையும் அதன்மேல் இரு பாம்புகள் சுற்றிய கோலும் இவரது அடையாளம். இவர்களுக்கென ஜோசப் ஜான்வியர் உட்வர்டு 1862இல் எழுதிய கையேடு, மருந்துச் செய்முறையுடன் சமையலறை மேற்பார்வை, சிறு அறுவை சிகிச்சை ஆகியவற்றையும் கற்பித்தது. முகாமில் ஒரு ஸ்டூவர்டின் நாள் எப்படி ஓடியது என்பதை இன்றும் அதிலிருந்து ஓரளவு காணலாம்.

காலையில் கொம்பு ஊதியதும் நோயாளிகள் மருத்துவமனைக் கூடாரத்தின் முன் வரிசையில் நிற்பர். சர்ஜன் ஒவ்வொருவராகப் பார்த்து, யாருக்கு அன்று வேலையிலிருந்து விலக்கு, யாரைப் படுக்கையில் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று சொல்வார். ஸ்டூவர்டு மருந்தைக் கொடுத்துப் பேரேட்டில் குறித்துக்கொள்வார். குளிர்காய்ச்சலுக்குக் குயினைன், அதன் கசப்பை மறைக்க விஸ்கி. வயிற்றுப்போக்குக்கு அபின் மாத்திரை. மலச்சிக்கலுக்குப் பாதரச உருண்டை. சர்ஜன் ஒருவர் ஒரு சட்டைப்பையில் அபினும் மறு பையில் பாதரச உருண்டையும் வைத்துக்கொண்டு, ஒரே கேள்வி கேட்டு மருந்து கொடுத்தார் என்ற கதை பல நூல்களில் வருகிறது. அது எந்த அளவுக்கு உண்மை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

வீடு திரும்பும் ஏக்கமும் அந்தப் பட்டியல்களில் ஒரு நோயாகவே எழுதப்பட்டது. ‘நாஸ்டால்ஜியா’ என்ற தலைப்பின்கீழ் வடவர் படையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவாயினர். அதனால் இறந்ததாகச் சில பத்துப் பேர் குறிக்கப்பட்டுள்ளனர். விடுப்பில் ஊருக்கு அனுப்புவதே இதற்குச் சிறந்த மருந்து என்று சர்ஜன்கள் பலர் கருதினர்.

பால்மத் குளிர்காலம் (1862–63)

ஆவணங்கள் மிகுதியாகக் கிடைப்பது, வர்ஜீனியா மாநிலத்தின் பால்மத் ஊரையும் அதைச் சூழ்ந்த ஸ்டாபோர்டு மாவட்டத்தையும் பற்றியே. வடவரின் பொட்டோமாக் படையைச் சேர்ந்த 1,20,000 பேரளவிலான வீரர்கள் இங்கே குளிர்காலத்தைக் கழித்தனர். 1862 டிசம்பர் 13இல், பால்மத்தை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பிரெடெரிக்ஸ்பர்க்கில் இப்படை கடுந்தோல்வி கண்டது. 12,600 பேர் அளவில் இழப்பு. அவர்களில் 9,000க்கும் மேற்பட்டவர்கள் காயமுற்றவர்கள்.

படையின் மருத்துவ இயக்குநர் ஜோனதன் லெட்டர்மன் (1824–1872) அந்த ஆண்டு கோடையில்தான் பொறுப்பேற்றிருந்தார். ஆகஸ்டில் ஆம்புலன்ஸ் பிரிவையும், அக்டோபரில் மருந்து வழங்கலையும் கள மருத்துவமனைகளையும் புதிய ஒழுங்கில் அமைத்திருந்தார். காயமுற்றவர்களைத் தூக்கி வர முன்பு இசைக்குழுவினரையே நம்பியிருந்தார்கள். இப்போது அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆள்கள் வந்தனர். காயமுற்றோர் ரயிலில் அக்வியா துறைக்கும், அங்கிருந்து நீராவிக் கப்பலில் வாஷிங்டனுக்கும் அனுப்பப்பட்டனர். ஆற்றின் இக்கரையிலுள்ள லேசி மாளிகை மருத்துவமனையாயிற்று. தொண்டுச் செவிலியர் கிளாரா பார்டன் அங்கே பணியாற்றினார். காயமுற்ற தம் தம்பி ஜார்ஜைத் தேடி வந்த கவிஞர் வால்ட் விட்மன், மாளிகைக்கு வெளியே ஒரு மரத்தடியில் வெட்டி எறியப்பட்ட கைகால்கள் குவிந்து கிடந்ததைக் கண்டு எழுதிவைத்தார். தம்பிக்குக் கன்னத்தில் சிறு காயமே. ஆயினும் விட்மன் ஊர் திரும்பாமல் வாஷிங்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குத் துணையாகச் சில ஆண்டுகள் பணிபுரிந்தார்.

தோல்விக்குப் பின் வீரர்கள் குடில் கட்டத் தொடங்கினர். தரையைச் சற்றுத் தோண்டி, மரக்கட்டைகளை அடுக்கிச் சுவராக்கி, இடுக்குகளில் சேறு பூசி, மேலே கூடாரத் துணியை விரிப்பார்கள். குச்சியும் களிமண்ணும் கொண்டு புகைபோக்கி கட்டி, அதன் உச்சியில் அடிப்பகுதி கழன்ற பீப்பாயைக் கவிழ்ப்பதும் உண்டு. ஒரு குடிலில் பெரும்பாலும் நால்வர். ஜான் பில்லிங்ஸ் 1887இல் வெளியிட்ட நினைவுநூல் இக்குடில்களை அடுப்பு, படுக்கை, அலமாரி முதல் விளக்குவரை அன்போடு விவரிக்கிறது. விறகுக்காகவும் சுவருக்காகவும் வெட்டியதில் மாவட்டத்தின் காடுகள் அழிந்தன.

குடில் கதகதப்பாக இருந்ததே நோய்க்கும் வழியாயிற்று. தோண்டிய தரையில் ஈரம் தேங்கியது. துணிக் கூரையை யாரும் திறக்கவில்லை. கழிவுக் குழிகளை மூடவில்லை. உப்பிட்ட பன்றி இறைச்சியும் கல் போன்ற பிஸ்கோத்தும் காப்பியுமே உணவாக நீடித்ததால் ஸ்கர்வி நோயும் தலைகாட்டியது. 1863 ஜனவரி 20–22இல் இப்படையின் தளபதி பர்ன்சைடு மேற்கொண்ட படைநகர்வு மழையில் சிக்கி, வண்டிகளும் பீரங்கிகளும் சேற்றில் புதைந்து, ‘சேற்று நடை’ என்ற பெயருடன் முடிந்தது. ஜனவரி 26இல் அவருக்குப் பதிலாக ஜோசப் ஹூக்கர் தளபதியானார்.

பிப்ரவரி 7ஆம் நாள் ஹூக்கர் இட்ட ஆணை, போர் வரலாற்று நூல்களில் ஒரு வரிகூடப் பெறாமல் போவதுண்டு. ஆயினும் அதை இங்கே குறிப்பிடுவது தகும். வாரத்துக்கு நான்கு முறையாவது மாவு அல்லது மென்ரொட்டி. இரண்டு முறை உருளைக்கிழங்கு அல்லது வெங்காயம். ஒரு முறை உலர்த்திய காய்கறி. வழங்காத அதிகாரி, தாம் பொருள் பெறும் கிடங்கில் சரக்கு இல்லை என்பதற்குச் சான்று காட்டவேண்டும். படைப்பிரிவுகளில் ரொட்டி அடுப்புகள் எழுந்தன. சுகாதார ஆணையமும் வடமாநில வீடுகளிலிருந்து வெங்காயமும் உருளைக்கிழங்கும் திரட்டி அனுப்பியது.

லெட்டர்மன் தந்த அறிவுரைகள் இவற்றுக்குத் துணையாயின. குடில் தரையைத் தோண்டக்கூடாது. துணிக் கூரையை வாரத்துக்கு இருமுறை அகற்றி வெயிலும் காற்றும் படச் செய்யவேண்டும். குடிலைச் சுற்றி வடிகால் வெட்டவேண்டும். கழிவுக் குழியின்மேல் மாலைதோறும் ஆறு அங்குல மண் போடவேண்டும். தனித்தனியே கொழுப்பில் பொரித்துத் தின்பதை விட்டு, ரெஜிமென்ட்டின் உட்பிரிவான கம்பெனிக்கு ஒரு சமையலாகச் சமைக்கவேண்டும். இவை நிறைவேறினவா என்று பார்க்க மருத்துவ ஆய்வாளர்கள் அமர்த்தப்பட்டனர். வசந்தம் வருவதற்குள் ஸ்கர்வி ஏறக்குறைய மறைந்தது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் குறைந்தன.

இம்மாற்றத்துக்குக் காரணம் யார் என்பதில் நூலாசிரியர்கள் ஒன்றுபடவில்லை. லெட்டர்மன் 1866இல் எழுதிய நினைவுநூல் சுகாதார விதிகளை முன்னிறுத்துகிறது. ஹூக்கரின் ஆதரவாளர்கள், அவர் தந்த உணவும் விடுப்புமே வீரர்களை மீட்டன என்பர். நோயாளிகள் பலர் ஏற்கெனவே வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டுவிட்டதையும், வெயில் திரும்பியதையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்போரும் உண்டு. மூன்றும் சேர்ந்தே வேலை செய்திருக்கக்கூடும்.

1863 மே மாதத்தில் தலைமை மருத்துவர் வில்லியம் ஹாமண்டு, பாதரசச் சேர்மமான காலோமெலைப் படையின் மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கினார். அளவு மீறித் தந்ததால் வாயும் ஈறும் அழுகிய நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகளே காரணம். சர்ஜன்கள் பலர் கொதித்தெழுந்தனர். ஹாமண்டு 1864இல் படை நீதிமன்றத்தால் பதவி நீக்கப்பட்டார். பல ஆண்டுகளுக்குப் பின்னரே அத்தீர்ப்பு மாற்றப்பட்டது.

பிற குளிர்காலங்கள்

1861–62இல் வாஷிங்டனைச் சூழ்ந்த முகாம்களில் கிராமத்து இளைஞர்களிடையே தட்டம்மை பரவியது. 1863–64இல் பொட்டோமாக் படை பிராண்டி ஸ்டேஷன் அருகே தங்கியது. 1864–65இல் பீட்டர்ஸ்பர்க் முற்றுகையின்போது சிட்டி பாயிண்டில் 10,000 நோயாளிகள் வரை தங்கக்கூடிய கள மருத்துவமனை இயங்கியது.

தென்னவர் தரப்பைப் பற்றி எழுதக் கிடைப்பது குறைவு. தலைமை மருத்துவர் சாமுவேல் பிரஸ்டன் மூர் அலுவலகத்தின் ஆவணங்கள் 1865 ஏப்ரலில் ரிச்மண்டு எரிந்தபோது அழிந்தன. கடல் முற்றுகையால் குயினைன் கிட்டாததால், பிரான்சிஸ் போர்ச்சர் 1863இல் தெற்கத்திய மூலிகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வடவர் படையில் சேர்ந்த 1,80,000 கறுப்பின வீரர்களிடையே நோய்ச் சாவு விகிதம் வெள்ளையரைவிட மிகுதி. அவர்களுக்குப் போதிய மருத்துவர்கள் அமர்த்தப்படவில்லை. 1863இல் சர்ஜனாக நியமனம் பெற்ற அலெக்சாண்டர் அகஸ்டாவைப் போன்றோர் மிகச் சிலரே.

பிற்காலம்

லெட்டர்மனின் ஆம்புலன்ஸ் முறையை 1864 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டமாக்கியது. 1887இல் படையில் தனி மருத்துவமனைப் பிரிவு அமைந்தது. மேரிலாந்தின் பிரெடெரிக் நகரில் உள்நாட்டுப் போர் மருத்துவத்துக்கென ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. ஸ்டாபோர்டு மாவட்டத்தில் குடில் குழிகளின் எச்சங்கள் உள்ள ஓரிடம் 2013இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

போருக்குப் பின் அரசு 1870 முதல் 1888 வரை வெளியிட்ட ஆறு பெருந்தொகுதிகளே இத்துறையின் அடிப்படை நூல். வடவர் படையில் 17 இலட்சத்துக்கும் மேற்பட்ட வயிற்றுப்போக்கு, சீதபேதி நிகழ்வுகள் பதிவானதை அது காட்டுகிறது. கையேடு எழுதிய அதே உட்வர்டு அதன் தொகுப்பாசிரியர்களுள் ஒருவர். குளிரில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஸ்டூவர்டுகள் நாள்தோறும் எழுதிய பேரேடுகள் இல்லையேல், அத்தொகுதிகள் உருவாகியிருக்க முடியாது.