தாத்தாவின் பொம்மை ரயில்: அடையாளம் காண்பது, பழுதுபார்ப்பது எப்படி?

தாத்தா வைத்திருந்த, சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் கைக்கு வந்திருக்கா? உடனே கழுவிடாதீங்க. முதலில் திருப்பிப் போட்டு முத்திரையைப் பாருங்க.

'ஹோர்ன்பி', 'மெக்கானோ லிமிடெட், லிவர்பூல்' என்றிருந்தால் பிரிட்டிஷ் தயாரிப்பு. ஹோர்ன்பி ரயில்கள் 1920-இல் வரத் தொடங்கின. 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்றிருந்தால் அது போர் முடிந்த பிறகு, 1952-க்குள் வந்தது.

முத்திரை அழிந்திருந்தால் தண்டவாளத்தை அளந்து பாருங்க. உள் இடைவெளி 32 மில்லிமீட்டர் என்றால் 'ஓ' ரகம், 16.5 என்றால் 1938-இல் வந்த ஹோர்ன்பி டப்ளோ போன்ற சிறிய ரகம்.

தண்டவாளமே காணோமா? மலாக்காவுக்கும் அதே கதைதான். தம்பின்–மலாக்கா பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர்கள் பெயர்த்து, சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். நம் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த பாதை அது.

துருவைப் பார்த்ததும் மணல்தாளை எடுக்காதீங்க. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் பிள்ளைகளுக்கு ஆபத்து. புது பெயிண்ட் அடித்தால் பொருளின் மதிப்பும் குறையும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, சக்கர அச்சில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும்.

சாவி இறுகி நின்றுவிட்டால் நீங்களே திறக்க வேண்டாம். முறுக்கேறிய ஸ்பிரிங் தெறித்தால் விரலைக் கிழித்துவிடும். பழைய சாவிக் கடிகாரங்களைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்க.